பட்டாவில் இல்லாத உயரம்

புதுச்சேரியில் நிலம் வாங்கியவர்களுக்கு எங்கள் ஊர்ப் பத்திரம் எப்படி இருக்கும் என்று தெரியும். ஆர்.எஸ். எண் இருக்கும், கடாஸ்தர் எண் இருக்கும், பட்டா எண் இருக்கும். பரப்பை ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்று கட்டமாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் அது. ஒரு சென்டியார் என்றால் ஒரே ஒரு சதுர மீட்டர். அவ்வளவு துல்லியமாக நிலத்தை எழுதி வைத்த பத்திரங்களை அடமானமாக வாங்கி, பூட்டி வைத்து, திருப்பிக் கொடுத்தே என் வங்கிக் காலம் போனது. ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பேன். அதில் ஒன்றில்கூட அந்த நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்காது. தமிழ்நாட்டுப் பக்கம் வருகிற புலப்படத்திலும் அப்படித்தான். நான்கு பக்க அளவு இருக்கும், குறுக்கு அளவு இருக்கும், உயரம் இருக்காது.

உழுகிறவனுக்கு அது தேவைப்படவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவனுக்குக் காலிலேயே தெரியும். ஆனால் குவாரிக்காரர் நிலத்தின் நீளத்தையோ அகலத்தையோ எடுத்துக்கொண்டு போவதில்லை. அவர் லாரியில் ஏற்றுவது உயரத்தை. நம் ஆவணம் எதை எழுதவில்லையோ, சரியாக அதைத்தான் அவர் விற்கிறார்.

நான் குடியிருப்பது டவுனில். பயிர் வைப்பது வானூர் வட்டத்தில், இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். புதுச்சேரி எல்லை எப்படி வளைந்து நெளிந்து போகும் என்பது தெரிந்ததுதானே, ஒரு தெரு இங்கே என்றால் அடுத்த தெரு விழுப்புரம் மாவட்டம். திருவக்கரையைச் சுற்றியுள்ள கருங்கல் குவாரிகளின் ஜல்லியில்தான் எங்கள் டவுனின் புது மாடிகளெல்லாம் நிற்கின்றன. அதே திருவக்கரையில் மண்ணோடு மண்ணாய்க் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. தேசிய கல்மரப் பூங்கா என்று வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான வருடத்துப் பொருளுக்கு வேலி உண்டு, அதைச் சுற்றியிருக்கிற பூமிக்குக் கிடையாது. என் நிலத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவிலும் ஒரு குவாரி இருக்கிறது. பெயர் வேண்டாம். "அனுமதிக்கு மேலே தோண்டிட்டான் சார்" என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு என்று கேட்டால் ஒருவர் இருபது அடி என்பார், இன்னொருவர் ஐம்பது அடி என்பார். அலுவலகத்தில் போய் ஐம்பது அடி என்று சொன்னால், "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிடுவார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் தேடியபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் நண்பருடைய மகள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் அளவைப் பொறியாளர். பொங்கலுக்கு லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தபோது மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். "மாமா, இதுல ரெண்டு போர்வை இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு நாங்க எப்படித் தோண்டணும்னு முன்னாடியே வரைஞ்சது. இன்னொண்ணு மாசக் கடைசியில டிரோன் விட்டு எடுத்தது. மேல இருக்கிறதைக் கீழ இருக்கிறதுலேருந்து கழிச்சா முடிஞ்சது."

முதல் போர்வை திட்ட மேற்பரப்பு. திறந்தவெளிச் சுரங்கம் கிணறு மாதிரி செங்குத்தாக இறங்காது, படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒவ்வொரு படிக்கும் உயரம், அகலம், சரிவு உண்டு. வண்டி இறங்கப் பாதை உண்டு. எல்லாவற்றையும் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டு வரைந்திருப்பார்கள். இரண்டாவது, உண்மையில் தோண்டியிருக்கிற மேற்பரப்பு. டிரோன் நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி எடுக்கும். தரையில் முன்பே அளந்து வைத்த குறிகளோடு அந்தப் படங்களைப் பொருத்தினால் லட்சக்கணக்கான புள்ளிகள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் உயரத்தோடு. மென்பொருள் அந்தப் புள்ளிகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் கோத்து ஒரு துணி மாதிரி விரிக்கும். ஒழுங்காகச் செய்தால் பத்து சென்டிமீட்டருக்குள் சரியாக வரும் என்கிறாள். சர்பேக், டேட்டாமைன், டெஸ்விக், வல்கன் என்று சுரங்கக் கம்பெனிகள் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பல. கழித்தல் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ், கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருள்களே போதும். நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கழித்த பிறகு திரையில் வருவது ஒரு வண்ணப்படம். திட்டத்துக்குக் கீழே போன இடம் சிவப்பு. இன்னும் எடுக்காமல் விட்ட இடம் நீலம். சரியாக இருக்கிற இடம் பச்சை. பக்கத்தில் மொத்தக் கன மீட்டர் எண் ஒன்று வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பழைய வங்கிக்காரன் விழித்துக்கொண்டான். அவள் காட்டிய பயிற்சிப் படத்தில் மொத்த வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் படத்தில் ஒரு மூலை முழுக்கச் சிவப்பு, எதிர்மூலை முழுக்க நீலம். ஒரு இடத்தில் கூடுதலாகத் தோண்டியதும் இன்னொரு இடத்தில் தோண்டாமல் விட்டதும் ஒன்றையொன்று சாப்பிட்டுவிட்டன. எங்கள் தொழிலில் இது பால பாடம். ஒருவர் கணக்கில் போட வேண்டிய தொகையை இன்னொருவர் கணக்கில் போட்டாலும் பேரேடு டேலி ஆகும். டேலி ஆனதால் சரி என்று கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே குவாரி பற்றி யாராவது மொத்தக் கன மீட்டரை மட்டும் காட்டினால் வாங்காதீர்கள். வண்ணப்படத்தைக் கேளுங்கள். சிவப்பு எந்தப் பக்கம் என்பதுதான் நமக்கு வேண்டியது. பக்கத்துப் பட்டா நிலத்துக்கு விட வேண்டிய 7.5 மீட்டர் இடைவெளிக்குள் சிவப்பு வந்திருக்கிறதா? குடியிருப்புக்கு விட வேண்டிய 300 மீட்டர் என்ன ஆச்சு? மொத்த எண் இதையெல்லாம் சொல்லாது.

மூன்று மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு ஹெக்டேர் குழியில் மூன்று மீட்டர் என்றால் 30,000 கன மீட்டர். குவாரி பாஷையில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அப்படியென்றால் சுமார் 10,600 யூனிட். இதுகூட முழுப் பாறையின் கணக்கு. உடைத்த கல் இடைவெளி விட்டு உப்பும், சுமார் ஒன்றரை மடங்கு. லாரியில் ஏறும்போது அது ஏறக்குறைய 15,900 யூனிட். மூன்று யூனிட் லாரி என்றால் 5,300 நடை. நடைச்சீட்டை எண்ணுகிறவரும் குழியை அளக்கிறவரும் பெரும்பாலும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இந்த உப்பல் ஒரு காரணம். முழுப் பாறையா, உடைத்த கல்லா என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், வேண்டிய பக்கம் கணக்கைச் சாய்த்துக்கொள்ளலாம்.

எங்கள் எல்லையிலேயே இப்படி ஒரு கணக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வானூர் வட்டம் பூத்துறை கிராமம், ஆரோவில்லுக்குப் பக்கம். அங்கே செம்மண் குவாரியில் அனுமதித்த அளவைவிட 2,64,644 லாரி லோடு கூடுதலாக எடுத்ததாகவும், அரசுக்கு 28,36,40,600 ரூபாய் இழப்பு என்றும் 2012ல் வழக்குப் பதிவானது. குற்றம் யாருடையது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை, நான் அதற்குள் போகவில்லை. பழக்கதோஷத்தில் வகுத்துப் பார்த்தேன். ஒரு லோடுக்குச் சுமார் 1,072 ரூபாய் வருகிறது. அந்த 1,072 ரூபாயில் மண்ணின் மேலடுக்கு இருக்கிறதா, அந்த மேட்டில் இறங்கிக் கீழே போன மழைத் தண்ணீர் இருக்கிறதா என்று நம் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். குற்றச்சாட்டு லாரி லோடில்தான் பேசுகிறது.

ஆற்று மணலில் கணக்கு வேறு மாதிரி வந்தது. தமிழ்நாட்டில் 28 மணல் குவாரிகளைக் கான்பூர் ஐ.ஐ.டி.யைக் கொண்டு அமலாக்கத் துறை ஆய்வு செய்யவைத்தது. அனுமதித்தது 4.05 லட்சம் யூனிட், எடுத்தது 27.70 லட்சம் யூனிட் என்று 2024ல் அந்தத் துறை சொன்னது. ஏழு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அரசுக்கு வந்த வருமானம் 36.45 கோடி, எடுத்த மணலின் மதிப்பு 4,730 கோடி என்பதும் அவர்கள் கணக்கு. வழக்கின் போக்கு தனி. ஆனால் நடைச்சீட்டை நம்பாமல் குழியையே சாட்சியாகக் கூப்பிட்டார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. சீட்டைத் திருத்தலாம், குழியைத் திருத்துவது கஷ்டம்.

கஷ்டம் என்றுதான் சொன்னேன், முடியாது என்று சொல்லவில்லை. நண்பர் மகளிடம் கேட்டேன், "ஏம்மா, இதை ஏமாத்தணும்னா எப்படி ஏமாத்துவே?" சிரித்துக்கொண்டே வரிசையாகச் சொன்னாள். குழியில் தண்ணீர் நின்றால் டிரோனுக்குத் தெரிவது தண்ணீரின் மேல்பரப்பு மட்டும். அடியில் பத்து மீட்டர் இருந்தாலும் இருபது மீட்டர் இருந்தாலும் படம் ஒன்றுதான். ஐப்பசி மழை முடிந்து வானூர்ப் பக்கம் வந்து பாருங்கள், எத்தனை குழிகள் பச்சைத் தண்ணீரோடு குளம் மாதிரி நிற்கும்! அந்தச் சமயத்தில் அளந்தால் எல்லாக் குவாரியும் யோக்கியமானதுதான். தண்ணீருக்குள் ஒலி அனுப்பி அடி ஆழத்தை அளக்கும் கருவி உண்டு. அல்லது பழைய முறையில் ஒரு பரிசலும் குண்டு கட்டிய கயிறும் போதும். அடுத்தது, கழிவு மண்ணையும் உடைசலையும் குழிக்குள் கொட்டி அடியை மூடிவிடுவது. மூன்றாவது, பழைய தரையில் வேலிக்கருவை மண்டியிருந்தால் டிரோன் புதரின் தலையைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். இது எதிர்ப்பக்கம் சாயும் பிழை, தோண்டியதைவிட அதிகம் தோண்டியதாகக் காட்டும். குவாரிக்காரர் தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார்.

நான்காவதாகச் சொன்னதுதான் விஷயம். "எல்லாத்தையும்விட சுலபம், மாமா, பழைய தரை மட்டம் என்னன்னே பதிவு பண்ணாம இருந்துடறது."

ரெண்டு போர்வை வேண்டும் என்றோமே. மேலே இருந்த போர்வை, தோண்டுவதற்கு முன்னால் இருந்த தரை, அதை எடுத்தாச்சு. ஜல்லியாகி, கான்கிரீட்டாகி லாஸ்பேட்டையில் மாடியாக நிற்கிறது. அது எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று முன்பே அளந்து வைக்காவிட்டால் எந்த மென்பொருளும் கழிக்க முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால் ஆரம்ப இருப்பு இல்லாத கணக்கு. இன்றைய இருப்பு மட்டும் தெரிந்து என்ன செய்ய?

சில குவாரிகளில் அளந்திருப்பார்கள், ஆனால் அங்கேயே ஒரு கல்லைக் காட்டி "இதை 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கியிருப்பார்கள். பத்து வருடத்தில் அந்தக் கல்லும் ஜல்லியாகியிருக்கும். பிறகு வருகிற அளவைக்காரர் எதிலிருந்து தொடங்குவார்? கோயில் படி, பாலத்தின் கைப்பிடிச் சுவர், பள்ளிக்கூடத் திண்ணை என்று குழிக்கு வெளியே நகராத ஒன்றில் குறி வைத்து, அதைக் கடல் மட்டத்தோடு இணைத்திருக்க வேண்டும். "தரை மட்டத்திலிருந்து 30 மீட்டர் ஆழம் வரை" என்று சுரங்கத் திட்டத்தில் எழுதியிருந்தால் அது ஏமாற்று வாசகம் ஆகிவிடலாம். எந்தத் தரை? மேட்டு மூலையா, பள்ள மூலையா? கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரே எண்ணாக எழுதச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். ஒன்றிய அரசு 2021 நவம்பரில் கனிமப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அல்லது அதற்கு மேல் தோண்டத் திட்டமிடும் சுரங்கமும், 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகையும் வருடா வருடம் டிரோன் அளவை கொடுக்க வேண்டும். குத்தகை எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரை சேர்த்து. நல்ல விதி, வெளியே நூறு மீட்டர் என்பது ரொம்ப நல்ல விதி. ஆனால் அது அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்தும், வானூர்க் கருங்கல்லுக்குப் பொருந்தாது. கருங்கல், செம்மண், ஆற்று மணல் எல்லாம் சட்டத்தின் கண்ணில் சிறு கனிமம், மாநிலத்தின் பொறுப்பு. நம் ஊரை விழுங்குவது சிறு கனிமம்தான் என்பது வேறு விஷயம். நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும்கூட அந்த விதிக்கு வெளியே.

பழுப்பு நிலக்கரி என்றதும் நெய்வேலி. எங்கள் ஊரிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது, என் வீட்டு மின்விசிறியின் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளை போட்டபோது கரிய பொருள் வந்தது என்பார்கள். 1957ல் நேரு தோண்டும் வேலையைத் தொடங்கி வைத்தார், 1961ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு டன் எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். அந்த அளவில் வேலை நடக்கிற சுரங்கங்களில் இரண்டு மேற்பரப்பைக் கழிப்பது அன்றாடப் பிழைப்பு. திட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசம் பணம் என்பதால் கம்பெனிகள் அதைச் சென்டிமீட்டரில் பார்க்கும்.

அங்கே மூன்றாவதாக ஒரு போர்வையும் உண்டு. தோண்டி முடித்துத் திருப்பி நிரப்பிய பிறகு நிலம் எப்படி இருக்க வேண்டும் என்கிற மேற்பரப்பு. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, கடைசியில் மேலே பரப்ப வேண்டும் என்பது திட்டங்களில் இருக்கும் வாசகம். நிரப்பிய மேட்டின் உயரத்தை மென்பொருள் கச்சிதமாகச் சொல்லும். அந்த மேட்டின் மேல் ஒரு அடியில் இருப்பது மண்புழு வாழ்ந்த மண்ணா, அறுபது மீட்டர் ஆழத்திலிருந்து வந்த வெறும் களியா என்பது அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே உயரம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரம் இறங்கி வாய்க்கால் வெட்டியதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். வரைபடத்தில் அந்த இடம் ஏற்கெனவே வாய்க்கால். திட்ட மேற்பரப்பில் நெல் வரையப்படுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மேற்பரப்பு நிலத்தடி நீர் மட்டம். நெய்வேலியில் கரிக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கிற நீரை இரவும் பகலும் இறைக்கிறார்கள், இல்லாவிட்டால் சுரங்கத்தின் அடித்தரையே பெயர்ந்துவிடும். சின்னக் கல்குவாரியிலும் குழி நீர் மட்டத்தைத் தாண்டினால் மோட்டார் போட்டுத்தான் ஆக வேண்டும். இந்த மேற்பரப்பை அளக்க டிரோன் வேண்டாம், கயிறு போதும். குவாரியைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஒவ்வொரு அமாவாசையும் காலையில், மோட்டார் போடுவதற்கு முன், கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். கைப்பிடிச் சுவர்களின் உயர வித்தியாசத்தைக் கொத்தனாரின் டியூப் லெவலை வைத்தே எடுத்துவிடலாம். சமஉயர வரப்புக்கு ஏ வடிவச் சட்டம் பிடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. கைப்பேசி காட்டும் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள், அது பல மீட்டர் தவறும்.

புதுக் குவாரி வருகிறது என்று தெரிந்தால் கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ கிராம சபையிலோ கோஷத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: தோண்டும் முன் எடுத்த தரைமட்டப் புள்ளிகள், குறிக்கல் எங்கே, கடைசி ஆழம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை. ஏற்கெனவே நடக்கிற குவாரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கு எழுதிச் சுரங்கத் திட்டத்தின் நகலை வாங்குங்கள். அளவை கோடையில், குழி வற்றியிருக்கும்போது நடக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

தோண்டி முடித்த பழைய குழிகளுக்கு என்ன செய்வது? 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் உலகத்தின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது, அந்த உயர வரைபடம் இலவசம். நம் கார்ட்டோசாட் படங்களிலிருந்து செய்ததும் புவன் தளத்தில் உண்டு. இரண்டும் சில மீட்டர் தவறும், ஆகவே மூன்று மீட்டர் திருட்டைப் பிடிக்காது, முப்பது மீட்டரைப் பிடிக்கும்.

அதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் மோட்டார் வைக்கவும் எங்களைப் போன்றவர்கள் கடன் கொடுத்தோம். கிணற்றின் நீள அகலம், ஆழம், எத்தனை அடியில் பாறை, கோடையில் தண்ணீர் எந்த மட்டம் என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதாமல் கோப்பு மேலே போகாது. தேதியோடு, கையெழுத்தோடு, முத்திரையோடு இருக்கும். வங்கி தன் பிரதியை எப்போதோ அழித்திருக்கும். கடன் அடைத்தபோது பத்திரத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்த காகிதக் கட்டு உங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். வானூர், மயிலம், திண்டிவனம் பக்கத்து நண்பர்கள் ஒருமுறை கிளறிப் பாருங்கள். எங்கள் கிராமத்தில் இதுவரை நான்கு வீட்டில் கிடைத்திருக்கிறது, அதில் ஒன்று குவாரிக்கு மூன்றாவது வயல்.